சிங்கப்பூர் ஆறும் கரையோரக் குடிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து வரும் உறவினர்களையும், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும் சிங்கப்பூர் ஆற்றின் தென்கரையான போட் கீ ஓரமாக அழைத்துப் போகும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் தமிழர் கதை சற்றுத் தூக்கலாகவே இருக்கும். பாலங்களின் பெயர்களில் கவர்னர்கள் நிலைத்துவிட்டார்கள். தோணிக்காரர்களை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் ஆறு என்று சொல்லலாமா? எங்கள் ஊர் வாய்க்கால் இதைவிடப் பெரிது.

காவிரிக் கரைக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. கிம் செங் பாலத்திலிருந்து பழைய முகத்துவாரம் வரை சிங்கப்பூர் ஆற்றின் நீளம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர்தான். நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். தீவின் மிக உயரமான இடமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான் இருக்கிறது. அந்தச் சரிவில் இறங்கி, அந்தக் குறுகிய நிலத்தைக் கடந்து கடலுக்குப் போகும் நீர் எவ்வளவு நீளமாக இருந்துவிட முடியும்?

ஆனால் நீளத்தை வைத்து இந்த ஆற்றை எடைபோடக் கூடாது. 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு போட் கீ கரையில்தான் நடந்தது என்கிறார்கள்.

ஆறு எங்கே தொடங்குகிறது?

குவீன்ஸ்டவுன் பக்கத்திலிருந்து வரும் அலெக்சாண்ட்ரா கால்வாய்தான் இன்று அதன் மேல்பகுதி. கிம் செங் பாலத்துக்கு மேலே அது கால்வாய், கீழே ஆறு. ஊற்று, சுனை என்று தேடிப் போனால் கான்கிரீட் சுவர்தான் கிடைக்கும்.

கடலில் எங்கே கலக்கிறது?

இப்போது நேராகக் கலப்பதில்லை. 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு, 350 மீட்டர் அகலமுள்ள கால்வாயின் குறுக்கே நின்று கடலைத் தடுக்கிறது. சிங்கப்பூர் ஆறு, காலாங் ஆறு, ரோச்சோர், கேலாங் என எல்லா நீரும் அதற்கு உட்புறத்தில் மரினா நீர்த்தேக்கமாகத் தேங்குகின்றன. இந்த நீர்த்தேக்கத்தின் நீர்பிடிப்புப் பகுதி 10,000 ஹெக்டேர், அதாவது தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு. கனமழையின்போது கடல் மட்டம் தாழ்ந்திருந்தால் அணையின் ஒன்பது கதவுகள் திறந்து நீரை வெளியேற்றும். கடல் ஏற்றத்தில் இருந்தால் கதவைத் திறக்க முடியாது, ஏழு ராட்சத பம்புகள் நீரை இறைத்து வெளியே தள்ளும்.

ஒரு காலத்தில் இந்த ஆற்றை ஆண்டது கடல்தான். ஓதம் ஏறும்போது உப்பு நீர் உள்ளே வரும், வற்றும்போது சேறு தெரியும். கரையோர வாழ்க்கை முழுவதும் அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பவே நடந்தது. இன்று போட் கீயில் சாப்பிட அமர்பவருக்கு அதன் அறிகுறியே தெரியாது. நீர் எப்போதும் ஒரே மட்டத்தில், நன்னீராக, கொஞ்சம் சலிப்பூட்டும்படி நிற்கிறது.

1819இல் ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் வந்தபோது இங்கே ஆளே இல்லையா?

இருந்தார்கள். தீவில் அப்போது ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் காலாங் ஆற்றுச் சதுப்பில் படகிலேயே வாழ்ந்த ஓராங் காலாங் மக்கள். சிங்கப்பூர் ஆற்றில் ஓராங் கெலாம் மக்கள் இருந்தார்கள். முகத்துவாரத்தின் வடகரையில் மலாய்த் தலைவரான தெமெங்கோங்கின் கம்பம், அதாவது குடியிருப்பு, இருந்தது. சில ஆண்டுகளிலேயே எல்லோரையும் நகர்த்தினார்கள். தெமெங்கோங்கை 1823இல் தெலுக் பிளாங்காவுக்கு அனுப்பினார்கள். ஓராங் காலாங் மக்கள் ஜோகூரின் பூலாய் ஆற்றுக்குப் போனார்கள். நகரம் பிறந்த கதையைச் சொல்லும்போது இந்த வெளியேற்றத்தை அரை வாக்கியத்தில் தாண்டிவிடுவது வழக்கமாகிவிட்டது.

அதற்கும் முன்னால், 14ஆம் நூற்றாண்டிலேயே ஃபோர்ட் கேனிங் குன்றிலிருந்து ஆற்றின் வடகரை வரை ஓர் ஊர் இருந்தது. 1984 முதல் நடந்த அகழாய்வுகளில் சீன மண்பாண்டங்களும் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. முகத்துவாரத்தில் ஏறத்தாழ 3 மீட்டர் உயரமுள்ள கல்வெட்டுப் பாறை ஒன்று நின்றது. அதில் ஐம்பது வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. யாரும் அதைப் படித்து முடிப்பதற்குள், 1843இல் முகத்துவாரத்தை அகலப்படுத்துவதற்காக வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. போய்ப் பாருங்கள், வயிற்றெரிச்சலாக இருக்கும்.

காலாங் ஆறுதானே பெரியது? துறைமுகத்தை ஏன் இங்கே வைத்தார்கள்?

காலாங்கின் வாய் அகலமானது, ஆனால் சதுப்பும் கண்டலும் நிறைந்தது. சிங்கப்பூர் ஆற்றின் வடகரையிலோ மேடான, உறுதியான நிலம் இருந்தது. கப்பல்கள் நங்கூரமிடும் ஆழ்கடல் எதிரிலேயே இருந்தது, பின்னால் காவலுக்குக் குன்று. தென்கரை மட்டும் சேறு. 1822இல் அங்கிருந்த ஒரு சிறு குன்றை வெட்டி அந்த மண்ணைக் கொண்டே சேற்றை நிரப்பினார்கள். குன்று இருந்த இடம் இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ், சேறு இருந்த இடம் போட் கீ.

தமிழர்கள் முதலில் எங்கே குடியேறினார்கள்?

"லிட்டில் இந்தியாவில்" என்று பலர் உடனே சொல்வார்கள். அது பிறகு வந்தது. 1822இல் வரையப்பட்ட நகரத் திட்டத்தில் சூலியா கம்பம் என்று தனியே ஓர் இடம் குறிக்கப்பட்டிருந்தது. அது இருந்தது சிங்கப்பூர் ஆற்றங்கரையில், சீனர் கம்பத்துக்கு அடுத்து, சற்று மேல்பக்கமாக. சோழமண்டலக் கரையிலிருந்து, அதாவது நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் பக்கங்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைச் சூலியாக்கள் என்றார்கள்.

அவர்களை ஆற்றோடு பிணைத்தது தோணித் தொழில். பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வர முடியாது. வெளியே நிற்கும் கப்பலிலிருந்து சரக்கை இறக்கி, தொங்கான் எனும் சரக்குத் தோணியில் ஏற்றி, கிடங்கு வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். நகரின் முதல் சில பத்தாண்டுகளில் இந்தத் தொழிலில் மேலோங்கியிருந்தவர்கள் சூலியாத் தோணிக்காரர்கள். காற்றும் நீரோட்டமும் அறிந்த கடலோடிகளுக்கு அது கைவந்த கலை. நூற்றாண்டின் இறுதிக்குள் தொழில் சீனர் கைக்கு மாறியது. இன்று நாம் பழைய படங்களில் பார்க்கும், முகப்பில் கண் வரைந்த படகுகள் அந்தப் பிற்காலத்தைச் சேர்ந்தவை. ஆகவே ஆறு என்றாலே சீனர் படகு என்று மனத்தில் பதிந்துபோயிற்று.

அவர்கள் இங்கே இருந்ததற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826இல் நிறுவப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், தெலுக் ஆயர் தெருவில் அதற்கடுத்த ஆண்டு எழுந்த அல்-அப்ரார் பள்ளிவாசல், அதே தெருவில் 1828இல் தொடங்கிய நாகூர் தர்கா எல்லாம் ஆற்றிலிருந்து சில நிமிட நடை. தெலுக் ஆயர் தெரு அப்போது கடற்கரை. கரையேறியவர் முதலில் கால் வைத்த மண்ணிலேயே தொழுதார்.

மாரியம்மன் கோயிலும் ஆற்றுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது?

ஆம். அந்த இடம் அமைந்ததிலும் தண்ணீருக்குப் பங்குண்டு. 1819இல் ராஃபிள்ஸின் இரண்டாவது வருகையின்போது பினாங்கிலிருந்து கூடவே வந்த நாராயண பிள்ளை கோயிலுக்கு இடம் கேட்டார். முதலில் தெலுக் ஆயர் தெருவில் கொடுத்தார்கள். கடலோரமாயிற்றே, பூசைக்கு நன்னீர் இல்லை என்று அதை வேண்டாமென்றார். 1821இல் பிராஸ் பசா ஓடைக் கரையில், அதாவது இன்றைய ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய் அருகே, இடம் கிடைத்தது. நன்னீர் உண்டு, ஆனால் அடுத்த ஆண்டு வந்த நகரத் திட்டத்தில் அந்த இடம் ஒத்துவரவில்லை. 1823இல்தான் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இப்போதுள்ள நிலம் தரப்பட்டது. 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு முதல் கோயில் எழுந்தது.

செட்டியார்கள் ஏன் ஆற்றங்கரையில் கடை போட்டார்கள்?

பணம் புழங்கிய இடம் அது. மார்க்கெட் ஸ்திரீட்டிலும் சூலியா ஸ்திரீட்டிலும் வரிசையாக அவர்களுடைய கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைகள், இருந்தன. நீளமான கூடத்தில் ஆளுக்கொரு சிறிய மேசை, ஒரு பெட்டி, பக்கத்தில் கணக்குப் பேரேடு. அவ்வளவுதான் வங்கி. கிடங்கு வைத்திருந்தவர், தோணி வாங்க நினைத்தவர், தோட்டம் போட முனைந்தவர் எல்லோரும் அங்கே வந்து போனார்கள். 1859இல் ஆற்றின் எதிர்க்கரைப் பக்கம், டேங்க் ரோட்டில், தண்டாயுதபாணி கோயிலைக் கட்டினார்கள். வேலை தென்கரையில், வேல் வடகரையில்.

1970களில் தொடங்கிய நகரச் சீரமைப்பில் கிட்டங்கிகள் இடிபட்டன. அங்கே இப்போது நிற்பவையும் வங்கிகள்தான், மாடிகள்தான் கூடிவிட்டன.

பாலங்களில் எது பழையது?

முதன்முதலில் பாலம் போட்ட இடம் எல்ஜின் பாலம் நிற்கும் இடம். 1822இல் ஒரு மரப்பாலம், பிறகு 1844இல் இன்னொன்று, 1862இல் இரும்பு, இப்போதுள்ளது 1929இல் கட்டியது. நார்த் பிரிட்ஜ் ரோடு, சவுத் பிரிட்ஜ் ரோடு என்ற பெயர்களில் உள்ள பாலம் இதுவே.

அசல் உருவத்தோடு நிற்பவற்றில் மூத்தது 1869ஆம் ஆண்டின் கவேனா பாலம். கிளாஸ்கோவிலிருந்து இரும்பு வந்தது. அழகான பாலம், ஆனால் தாழ்வானது. ஓதம் ஏறியிருக்கும்போது சரக்குத் தோணிகள் அடியில் நுழைய முடியாமல் நீர் வடியும்வரை காத்துக்கிடக்கும். மேலே வண்டி நெரிசல் தாங்காமல் 1910இல் பக்கத்தில் ஆண்டர்சன் பாலத்தைக் கட்டினார்கள். கவேனா பாலத்தில் மாடுகளும் குதிரைகளும் 3 ஹண்டிரட்வெயிட்டுக்கு (சுமார் 150 கிலோ) மேற்பட்ட வண்டிகளும் போகக் கூடாது என்ற காவல்துறை அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், மாடு எங்கே என்று கேட்பார்கள். அடுத்த பதிலைச் சொல்ல வசதியாக இருக்கும்.

லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்கும் ஆற்றுக்கும் என்ன தொடர்பு? அங்கே ஆறே இல்லையே?

இருக்கிறது, நாம்தான் தினமும் தாண்டிப் போகிறோம். தேக்கா சந்தையிலிருந்து செலிகி ரோடு பக்கம் நடக்கும்போது குறுக்கே வருவது ரோச்சோர் கால்வாய். புக்கிட் தீமா சாலையோரமாக இறங்கிவந்து, சுங்கை ரோட்டைத் தொட்டு, காலாங் படுகையில் சேரும் நீர் அது.

சிராங்கூன் சாலையில் மாட்டு வணிகம் வேரூன்றியதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணம். தாழ்வான சதுப்பு, எப்போதும் புல், எருமைகள் கிடக்கச் சேறு. வேறென்ன வேண்டும்? எருமை ரோடு என்று பொருள்படும் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் அங்கே இன்றும் இருக்கின்றன. பிரசவத்துக்குப் பெயர்போன கே.கே. மருத்துவமனையின் முழுப்பெயரில் உள்ள கண்டாங் கெர்பாவ் என்பது எருமைத் தொழுவம். மாட்டு வணிகர்களில் கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் இருந்தார். காரைக்காலிலிருந்து வந்து மாட்டு வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்த மூனா காதர் சுல்தானும் இருந்தார். காத்தோங்கில் 1917இல் அவர் கட்டிய மாளிகைக்குக் காரைக்கால் மஹால் என்றே பெயர். தொழுவங்களில் வேலை செய்தவர்கள், பால் கறந்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள் எல்லாம் சுற்றிலும் குடியேறினார்கள். அவர்களுக்குத் துணி, பாத்திரம், பூ, சாப்பாடு விற்கக் கடைகள் வந்தன. பக்கத்திலேயே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் சுண்ணாம்புக் கம்பம் என்றும் அந்த வட்டாரத்துக்குப் பெயர். வீரமாகாளியம்மன் கோயிலை அந்தப் பெயரால் அழைத்தவர்கள் உண்டு. சதுப்புகள் வடிக்கப்பட்டு, 1930களில் மாடுகள் வெளியேறின. மனிதர்கள் தங்கிவிட்டார்கள்.

என் கணிப்பில் சிங்கப்பூர்த் தமிழர் குடியேற்றத்தைச் சாதி, மதம், ஊர் என்று பிரித்துப் பார்ப்பதைவிட ஓடை ஓடையாகப் பார்ப்பது தெளிவு தரும். ஆற்று வாயில் தோணியும் வட்டிக்கடையும். பிராஸ் பசா ஓடையின் நன்னீரில் சலவைத் தொழிலாளர்கள். தோபி காட் என்ற பெயர் அவர்கள் விட்டுச்சென்றது. ரோச்சோரின் சேற்றில் மாடு. காலாங்கில் ஆலை. ஒவ்வொரு நீருக்கும் ஒரு வேலை, அந்த வேலைக்கு ஏற்ற ஆட்கள்.

தைப்பூச ஊர்வலம் ஆற்றைக் கடக்கிறதா?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. காவடிகள் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு ரோச்சோர் கால்வாயைத் தாண்டுகின்றன. தோபி காட் அருகே சாலைக்கு அடியில் மறைந்து ஓடும் ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயைத் தாண்டுகின்றன. டேங்க் ரோட்டில், சிங்கப்பூர் ஆற்றை எட்டிவிடும் தூரத்தில் முடிகின்றன. காவடி ஆற்றைக் கடப்பதில்லை. முந்தின நாள் செட்டிப் பூசத்தன்று முருகனின் வெள்ளி ரதம் ஆற்றைக் கடந்து கியோங் செய்க் ரோடு லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பழைய தமிழர் நீர்நிலைகளில் மூன்றை அந்த இரண்டு நாள்களில் தொட்டுவிடுகிறோம்.

ஆற்றின் நடுவே தீவு இருந்ததாமே?

புலாவ் சைகோன். ரயில் தடமும் மாட்டிறைச்சிக் கூடமும் கிடங்குகளும் இருந்தன. ஒரு பக்க நீரைத் தூர்த்துக் கரையோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது பாலத்தின் பெயரில் மட்டும் தீவு இருக்கிறது.

காலாங் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

நாட்டின் மிக நீளமான ஆறு அது, சுமார் 10 கிலோமீட்டர். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி பீஷான், தோ பாயோ, பொத்தோங் பாசிர், பெண்டமியர் வழியாகக் காலாங் படுகைக்கு வருகிறது. 2017இல் நகரச் சீரமைப்பு ஆணையம் சொன்ன கணக்கில், அதன் இருபுறமும் 2 கிலோமீட்டருக்குள் 8 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்காவது பக்கத்தில் ஆறு ஓடுவது நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

மேல்பகுதியில் பொத்தோங் பாசிர் காய்கறித் தோட்டங்களும் மணல் குழிகளும் நிறைந்த தாழ்நிலம். கீழே படுகையோரம் மர ஆலைகள், படகுக் கட்டுமிடங்கள், 1862இல் தொடங்கிய எரிவாயு ஆலை. அந்த ஆலையில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்கள் காலாங் சாலையிலுள்ள மன்மத காருணீஸ்வரர் கோயிலுக்குப் பழைய அடியார்கள்.

பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் 2012இல் ஒரு புதுமை செய்தார்கள். 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் இயற்கை ஆறாக மாற்றினார்கள். மழை பெய்தால் புல்வெளியே ஆறாகும், நின்றால் பிள்ளைகள் இறங்கி விளையாடலாம். கான்கிரீட் போட்டவர்களே அதைப் பெயர்த்தெடுப்பது அரிய காட்சி.

ஆறு நாறும் என்று தாத்தா சொல்கிறாரே, உண்மையா?

தாத்தா குறைத்தே சொல்லியிருப்பார். மேலே பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள். கரையில் கழிவறை இல்லாத வீடுகள். தெருவோரக் கடைகளின் எச்சில், படகுகளின் எண்ணெய். எல்லாம் ஆற்றுக்கே போயின. 1977 பிப்ரவரியில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டுக் கெடு வைத்தார்: சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும். 1987இல் வேலை முடிந்தது. அதற்குள் 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன, ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் மறுகுடியமர்த்தப்பட்டன. தெருவோர வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்குள் போனார்கள். 1983இல் ஏறத்தாழ 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன.

தண்ணீர் தெளிந்தது உண்மை, அதற்காக யாரும் வருந்தவில்லை. ஆனால் படகு போன அன்றே கரையில் சுமை தூக்கியவருக்கும் டீ விற்றவருக்கும் வேலை போயிற்று. கொள்கலன் கப்பல்கள் வந்துவிட்ட பிறகு தோணித் தொழில் எப்படியும் நலிந்திருக்கும். இருந்தாலும் மெல்ல நலிவது வேறு, நாள் குறித்து வெளியேற்றுவது வேறு.

இப்போதும் வெள்ளம் வருகிறதா?

பழைய அளவுக்கு இல்லை. 1978 டிசம்பர் 2 அன்று 24 மணி நேரத்தில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டித் தாழ்நிலங்கள் மூழ்கின, ஏழு பேர் இறந்தார்கள். புக்கிட் தீமா நீர் முழுவதும் ரோச்சோருக்கே வந்து குவிவதைத் தடுக்க, 1972இலேயே ஒரு பகுதியை மேற்கே உலு பாண்டான் ஆற்றுக்குத் திருப்பியிருந்தார்கள். 2010இல் ஆர்ச்சர்ட் ரோட்டில் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்த பிறகு, ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயின் மேல்பகுதி நீரைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்பும் 2 கிலோமீட்டர் கால்வாய் 2018இல் முடிந்தது.

மீன் பிடிக்கலாமா? நீர்நாய் பார்க்கலாமா?

மீன் பிடிக்க அனுமதித்த இடங்கள் உண்டு, பலகையைப் பார்த்துவிட்டுத் தூண்டில் போடுங்கள். நீர்நாய்கள் 1990களின் இறுதியில் தீவுக்குத் திரும்பிவந்தன. இப்போது பீஷானிலிருந்து மரினா வரை கூட்டமாக அலைகின்றன. காலையில் கண்ணில் பட வாய்ப்பு அதிகம். அவற்றுக்கு அனுமதிப் பலகை எதுவும் தேவைப்படுவதில்லை.

ஒரே நாளில் பார்க்க எங்கிருந்து தொடங்குவது?

காலையில் தேக்கா. சாப்பிட்டுவிட்டு ரோச்சோர் கால்வாயைத் தாண்டி, தோபி காட் வழியாக டேங்க் ரோடு கோயிலுக்கு வாருங்கள். அங்கிருந்து கிளார்க் கீக்கு இறங்கி, ஆற்றோரமாகவே எல்ஜின் பாலம் வரை நடந்து, சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சூலியா பள்ளிவாசலையும் மாரியம்மன் கோயிலையும் பாருங்கள். மாலையில் கவேனா பாலம். வெயில் கடுமையாக இருக்கும், குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் உடன் வந்தால் டேங்க் ரோட்டிலிருந்து பஸ் பிடித்துவிடலாம்.